படம் எடுத்தாச்சு, அப்புறம்?

சிப்பியைத் திறக்காமலே உள்ளே முத்து இருக்கிறதா என்று பார்க்க முடியுமா? 1895-இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ரஃபாயெல் துபுவா என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, எக்ஸ்ரே எடுத்தால் தெரியும் என்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் அதை முயன்றும் பார்த்தார்கள். முத்துள்ள சிப்பியை வைத்துக்கொள், இல்லாததைத் திரும்பக் கடலில் போடு, அவ்வளவுதான் கணக்கு. படம் அங்கே தரம் பிரிக்கும் சல்லடை.

தூத்துக்குடிப் பக்கம் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சங்குக்குளிப்பு மட்டும் திரேஸ்புரம் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சல்லடைப் புத்தியும் உயிரோடு இருக்கிறது, வேறொரு இடத்தில். காது கேட்காமல் பிறந்த குழந்தையின் உட்காதை சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கிறோமே, அந்தப் படத்தை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? காக்ளியர் கருவி பொருத்த இந்தக் குழந்தை ‘தேறுமா, தேறாதா’ என்று சொல்வதற்கு. காப்பீட்டு விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு தாள் வேண்டும் என்பதற்கு. அறுவை சிகிச்சையைத் திட்டமிட எடுக்க வேண்டிய படம், ஃபைலில் சேர்க்கிற ஆவணமாகச் சுருங்கிவிட்டது. அதை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். பல லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு கருவியை, உப்பளத்தில் கூலி வேலை பார்ப்பவரின் குழந்தைக்கும் இலவசமாகப் பொருத்தலாம் என்று முடிவெடுத்த மாநிலம் இது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது கிடைக்கிறது. மத்திய அரசும் 2014 முதல் தன் உதவி உபகரணத் திட்டத்தில் இதற்குப் பணம் தருகிறது. இந்தியாவின் எத்தனையோ மாநிலங்களில் இது இன்னும் பணக்காரர் வைத்தியம். ஆகவே, “அரசு ஒண்ணுமே செய்யலை” என்று புலம்புகிறவர்களோடு எனக்குச் சேர்க்கை இல்லை. என் சண்டை வேறு. எத்தனை கருவி பொருத்தினோம் என்று மட்டும் எண்ணுகிறோம். எந்தக் குழந்தைக்கு எந்த மாதத்தில், எந்தப் படத்தை யார் பார்த்து, எந்த நீள மின்முனையைத் தேர்ந்து பொருத்தினோம் என்று எண்ணுவதில்லை. எண்ணாத விஷயம் எப்போதும் பின்னால் தள்ளப்படும். மென்பொருள் வேலையில் பத்துப் பதினைந்து வருடம் குப்பை கொட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சங்குக்குள் என்ன இருக்கிறது

காக்ளியா என்றால் கிரேக்கத்தில் நத்தை. நம்ம ஊர்க்காரர்களுக்கு நத்தையைவிடச் சங்கு சுலபமாகப் புரியும். மண்டையோட்டிலேயே மிகக் கெட்டியான எலும்புக்குள், இரண்டரைச் சுற்றுச் சுருண்டு கிடக்கும் பட்டாணி அளவுச் சங்கு அது. உள்ளே திரவம், மெல்லிய சவ்வு, வரிசையாக மயிர்ச்செல்கள். அடிச்சுற்றில் கீச்சுக்குரல் கேட்கும், உச்சிச்சுற்றில் கட்டைக்குரல் கேட்கும். மயிர்ச்செல்கள் இல்லாமலோ பழுதாகியோ போனால் காது கேட்காது. காக்ளியர் கருவி அவற்றைத் தாண்டிக்கொண்டு, சுருளுக்குள் நுழைத்த மெல்லிய மின்முனைக் கம்பி வழியாகச் செவி நரம்பையே நேராகத் தூண்டுகிறது.

இந்தக் கம்பியை எப்படி அந்தச் சுருளுக்குள் நுழைப்பது என்பதுதான் ஆஸ்திரேலிய மருத்துவர் கிரீம் கிளார்க்கைப் பல வருடம் படுத்தியெடுத்த பிரச்சனை. 1977-இல் விடுமுறைக்குப் போன கடற்கரையில் ஒரு சிப்பி ஓட்டை எடுத்து, அதன் சுருளுக்குள் புல்லை நுழைத்துப் பார்த்தார். நுனி நெகிழ்வாகவும் அடி விறைப்பாகவும் இருக்கும் புல் வளைந்து வளைந்து உள்ளே போனது. 1978 ஆகஸ்டில் மெல்பர்னில் முதல் பல்முனைக் கருவியைப் பொருத்தினார். கவனியுங்கள். அந்தக் கண்டுபிடிப்பின் மையம் மின்னணுவியல் அல்ல, வடிவம். சுருள் எப்படி இருக்கிறது, அதற்கு எந்தக் கம்பி பொருந்தும் என்கிற கேள்வி. அந்தக் கேள்வியை ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் இரண்டு பேருக்குச் சுருள் ஒரே மாதிரி இருப்பதில்லை. காக்ளியாவின் நீளம் ஆளுக்கு ஆள் ஏறக்குறைய 25 மில்லிமீட்டரிலிருந்து 45 வரை மாறுகிறது. கம்பிகளும் பல நீளத்தில் வருகின்றன. ஒரே நிறுவனத்திடமே 20, 24, 28, 31.5 மில்லிமீட்டர் என்று வகை வகையாக இருக்கிறது.

நீள அளவுகூட இரண்டாம்பட்சம்தான். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு, கம்பியின் ஒவ்வொரு முனையும் சரியான சுருதி இடத்தில்தான் உட்கார வேண்டுமா, மூளை பழகிக்கொள்ளுமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. விவாதமே இல்லாத விஷயங்களைப் பார்ப்போம். பிறவிக் கேளாமையில் சுமார் ஐந்தில் ஒரு குழந்தைக்கு உட்காதின் எலும்பு அமைப்பே கோணலாக இருக்கிறது. சுற்று குறைந்திருக்கலாம். 1791-இலேயே மொண்டினி என்ற இத்தாலியர் ஒன்றரைச் சுற்றோடு நின்றுபோன காக்ளியாவை விவரித்திருக்கிறார். சுருளே இல்லாமல் ஒரே குழியாக இருக்கலாம். சுருளுக்கும் செவி நரம்புப் பாதைக்கும் நடுவே இருக்க வேண்டிய எலும்புச் சுவர் இல்லாமல் போயிருக்கலாம். அப்படிப்பட்ட காதில் துளை போட்ட நொடியில் மூளைத் தண்டுவடத் திரவம் குபுகுபுவென்று பீறிட்டு வரும். கம்பி சுருளுக்குள் போகாமல் நரம்புப் பாதைக்குள் வழுக்கிப்போகும். முக நரம்பு வழக்கமான தடத்தை விட்டு வேறு தடத்தில் ஓடலாம். அதில் கத்தி பட்டால் குழந்தையின் வாய் வாழ்நாள் முழுக்கக் கோணிவிடும். இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்தால், அதற்கேற்ற கம்பி, அதற்கேற்ற அடைப்பு, அனுபவமுள்ள கை என்று தயார் செய்யலாம். அறுவை மேசையில் தெரிந்தால்?

இன்னொன்று, செவி நரம்பு. எலும்பைக் காட்டுவது சி.டி., திரவத்தையும் நரம்பையும் காட்டுவது எம்.ஆர்.ஐ. உட்காதுக்குப் போகும் பாதையில் நான்கு நரம்புகள் நான்கு புள்ளிகளாகத் தெரிய வேண்டும். அதில் செவிக்கான புள்ளி இல்லையென்றால், எவ்வளவு விலை உயர்ந்த கருவி பொருத்தினாலும் செய்தியைக் கொண்டுபோக ஆள் இல்லை. சி.டி. மட்டும் எடுத்துவிட்டு “நார்மல் ஸ்டடி” என்று ஒரு வரியில் முடிக்கும் ரிப்போர்ட் இதைச் சொல்லாது.

நாள் கடத்துவது யார்

உட்காதுக்கு ஒரு விசேஷம் உண்டு. பிறக்கும்போதே அது பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. எலும்பு வளரட்டும், பிள்ளை கொஞ்சம் பெரிசாகட்டும் என்று அளவெடுக்கக் காத்திருக்க உட்காதின் பக்கம் எந்தக் காரணமும் இல்லை. ஆனால் மூளையின் பக்கம் அவசரம் இருக்கிறது. ஒலி கேட்காத மூளைப்பகுதி காலியாகக் காத்திருக்காது, வேறு வேலைக்குப் போய்விடும். அதனால்தான் ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி என்ற கணக்கை உலகம் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2020 முதல் ஒன்பது மாதக் குழந்தைக்கே கருவி பொருத்த அனுமதி உண்டு. நம் திட்டத்தின் ஆறு வயது என்பது கடைசிப் பேருந்து. அதை நாம் பேருந்து கிளம்பும் நேரமாக ஆக்கிக்கொண்டோம். “இன்னும் வயசு இருக்குல்ல, மெதுவாப் பாக்கலாம்” என்பது வீட்டிலும் கேட்கிறது, கவுண்டரிலும் கேட்கிறது.

இதைவிடக் கொடியது மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு வரும் கேளாமை. பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் பிழைத்த குழந்தைக்கு உட்காதில் அழற்சி வந்தால், திரவம் நிரம்பிய அந்தச் சுருள் எலும்பாக இறுகத் தொடங்கிவிடும். சில வாரங்களிலேயே இது ஆரம்பிக்கலாம். இறுகிய பிறகு கம்பி போக இடமே இருக்காது. ஆரம்ப நிலையை எம்.ஆர்.ஐ. முதலில் காட்டிவிடும், சி.டி.யில் பிறகுதான் தெரியும். அதாவது, காய்ச்சல் குணமாகி வீட்டுக்கு அனுப்பும் முன்பே கேட்கும் திறனைச் சோதித்து, சந்தேகம் இருந்தால் உடனே படம் எடுத்தால், ஒரு குழந்தையின் காது மிஞ்சும். “பிள்ளை பொழைச்சதே பெரிசு” என்று எல்லாரும் ஆறுதல் சொல்லி அனுப்பினால், மூன்றாம் மாதம் பள்ளிக்கூட டீச்சர்தான் கண்டுபிடிப்பார். அப்போது படம் தெளிவாகவே இருக்கும். சங்குக்குள் சுண்ணாம்பு அடைத்த மாதிரி.

பெட்டிக்கு உள்ள மரியாதை

தூத்துக்குடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து கொழும்புக்குப் போகும் சரக்குப்பெட்டி ஒவ்வொன்றும் கப்பலில் எந்த வரிசையில், எந்த அடுக்கில், என்ன எடையோடு, எந்த ஊரில் இறங்க இருக்கிறது என்பதெல்லாம் ஒரு மின்செய்தியாக எழுதப்படுகிறது. உலகம் முழுக்க ஒரே இலக்கணம். கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடுமுன் அந்தத் திட்டம் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். திட்டம் இல்லாமல் கிரேன் அசையாது. உள்ளே கருவாடு இருந்தாலும் சரி, கிரானைட் இருந்தாலும் சரி, பெட்டிக்கு அந்த மரியாதை உண்டு.

மருத்துவப் படங்களுக்கும் இப்படியொரு பொது இலக்கணம் இருக்கிறது. டைகாம் என்று பெயர். அதன் முதல் வடிவம் 1985-இல் வந்தது. இந்தப் பெயர் 1993-இல் வந்தது. எந்த நிறுவனத்தின் ஸ்கேனரில் எடுத்தாலும் எந்தக் கணினியிலும் திறக்கலாம், அளக்கலாம், எந்தக் கோணத்திலும் திருப்பிப் பார்க்கலாம். திறப்பதற்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆக, தொழில்நுட்பம் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் பெற்றோர் கையில் பெரும்பாலும் என்ன கிடைக்கிறது? ஒரு பெரிய கவர், அதற்குள் கறுப்பு ஃபிலிம், ஒரு பக்க ரிப்போர்ட். காதெலும்பு சி.டி.யில் அரை மில்லிமீட்டர் கனத்தில் சில நூறு வெட்டுப்படங்கள் இருக்கும். ஃபிலிமில் அதில் இருபது முப்பதுதான் ஏறும். சங்கை வளையல் வளையலாக அறுத்து, அதில் நாலு வளையலை மட்டும் கையில் கொடுத்து, ‘இந்தச் சங்கின் சுருள் எப்படி ஓடுது, சொல்லு’ என்று கேட்பதைப் போன்றது இது. கொற்கையில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் சங்கு அறுத்தவன்கூடச் சிரிப்பான். முழுப் படம் ஏதோ ஒரு சர்வரில் இருக்கலாம். அறுநூறு கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் அறுவை செய்யப்போகும் மருத்துவர் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால், “இது தெளிவா இல்லைம்மா, மறுபடி எடுத்துட்டு வாங்க.”

அந்த ‘மறுபடி’ என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஸ்கேன் எழுதிக்கொடுப்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு வயதுக் குழந்தை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் தானாக அசையாமல் படுக்காது. மயக்க மருந்து கொடுக்க வேண்டும், அதற்காக வெறும் வயிற்றில் வைத்திருக்க வேண்டும். சி.டி. என்றால் வளரும் மூளைக்குப் பக்கத்தில் இன்னொரு தடவை கதிர்வீச்சு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உப்பளத்திலோ மீன்பிடித் துறையிலோ இரண்டு மூன்று நாள் கூலி போச்சு. முத்துநகர் எக்ஸ்பிரஸில் இன்னொரு இரவு. இத்தனையும், ஏற்கெனவே எடுத்த படத்தின் கோப்பை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பாததற்காக. ஒரு பெட்டி கருவாட்டுக்கு நாம் செய்யும் ஏற்பாட்டை ஒரு பிள்ளையின் காதுக்குச் செய்யவில்லை.

ஏ.ஐ. வந்து காப்பாற்றாது

இங்கே என் சகதொழிலாளர்கள் எழுந்து நிற்பார்கள். “இதெல்லாம் பழைய கதை. படத்தைக் கொடுத்தா ஏ.ஐ. நொடியில காக்ளியாவைப் பிரிச்சு, அளந்து, எந்தக் கம்பின்னு சொல்லிடும்.” சொல்லும். அப்படிப்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன, நல்லவையும் இருக்கின்றன. எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு விஷயத்தை நம்ம ஆட்கள் மறைத்துப் பேசுகிறார்கள்.

ஒன்று, இத்தகைய மாதிரிகள் அதிகம் பார்த்துப் பழகுவது ஒழுங்கான காக்ளியாக்களை. ஏனென்றால் அவைதான் அதிகம் கிடைக்கின்றன. நமக்கு உதவி தேவைப்படுவதோ கோணலான காக்ளியாவில். ஒழுங்கான சுருளை அனுபவமுள்ள மருத்துவர் அடிச்சுற்றின் அகலத்தை அளந்தே மதிப்பிட்டுவிடுவார். ஒரே குழியாகக் கிடக்கும் காதைப் பார்த்து மென்பொருள் நம்பிக்கையோடு ஓர் எண்ணைச் சொன்னால், அந்த எண் ஆபத்து.

இரண்டு, நம் ஓட்டை கணக்குப்போடும் இடத்தில் இல்லை. படம் தாமதமாக எடுக்கப்படுகிறது, பாதி எடுக்கப்படுகிறது, சரியான ஆளிடம் போவதில்லை. குழாயில் தண்ணீர் வராத வீட்டில் தங்கக் குழாய் மாட்டி என்ன பயன்? இந்த உண்மை மேடையில் பேச அழகாக இல்லை என்பதால் யாரும் பேசுவதில்லை.

அடுத்து எழுந்திருப்பவர் நம்ம ஊர் அண்ணாச்சி. “அதெல்லாம் சரி, கருவி கிடைக்கிறதே பெரிய விஷயம். ஓசியில வர்றதுல அளவு பாக்கலாமா?” இந்த வாதத்தைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன். ஓசி இல்லை அண்ணாச்சி, வரிப்பணம். லட்சங்கள் கொடுத்து வாங்கிய கருவியைத் தவறான காதில், தவறான மாதத்தில் பொருத்துவதுதான் ஊதாரித்தனம். அரசு மருத்துவமனைகளில் மருத்துவ சேவைக் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிறது. முழுமையாக ஒரு தடவை எடுப்பதற்கு ஆகும் செலவு, கருவி விலையில் ஒரு சிறு துளி.

தேறாத பிள்ளைகள்

சல்லடை என்று முதலில் சொன்னேன். சல்லடையில் தங்காதவை எங்கே போகின்றன என்று கேட்க வேண்டாமா?

படத்தில் செவி நரம்பு தெரியவில்லை, அல்லது காக்ளியாவே இல்லை. ‘தகுதியில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அந்தத் தாளோடு பேருந்து ஏறும் குடும்பத்துக்கு அடுத்து என்ன என்று யார் சொல்கிறார்கள்? மூளைத்தண்டில் நேரடியாகப் பொருத்தும் கருவி ஒன்று உண்டு. அது மிகச் சில இடங்களில், மிகச் சிலருக்கே சாத்தியம். மற்றவர்களுக்கு ஒரு மொழி வேண்டும், உடனே வேண்டும். சைகை மொழியை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. பக்கத்திலேயே பாளையங்கோட்டையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காது கேளாதோருக்காக இயங்கும் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி இருக்கிறது. ஆனால் சைகையைத் தோல்வியின் அடையாளமாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். ‘கையைக் காட்டிப் பேசினா வாய்ப்பேச்சு வராது’ என்று பயமுறுத்தி, கருவிக்கும் காத்திருந்து, சைகையும் கற்காமல், நான்கு வயது வரை எந்த மொழியுமே இல்லாமல் வளரும் குழந்தைதான் இந்த அமைப்பின் மிகப் பெரிய தோல்வி. காது கேட்காதது விதியாக இருக்கலாம். மொழி கிடைக்காதது நாம் செய்தது.

இந்தப் பிள்ளைகளின் கணக்கு எந்த வெற்றி விழாவிலும் வாசிக்கப்படுவதில்லை. கருவி பொருத்தப்பட்டு, பேச்சுப் பயிற்சிக்கு வாரந்தோறும் வர முடியாமல், பாட்டரியும் கேபிளும் வாங்கக் காசில்லாமல், பெட்டியில் தூங்கும் கருவிகளின் கணக்கும் அப்படித்தான்.

என்ன கேட்கிறேன்

பெரிதாக ஒன்றும் இல்லை. உட்காது ரிப்போர்ட்டை ஒரு வரி வாக்கியமாக எழுதுவதை நிறுத்துங்கள். சுற்றுகள் எத்தனை, அடிச்சுற்றின் அகலம், நரம்புப் பாதையின் அகலம், நான்கு நரம்பும் தெரிகிறதா, முக நரம்பின் தடம், எலும்பு இறுகியிருக்கிறதா என்று பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு படிவம் போதும். எல்லாக் கட்டமும் நிரம்பாமல் ரிப்போர்ட் வெளியே போகக்கூடாது. பெரா டெஸ்டுக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் தனித்தனியாக மயக்காமல், இயன்றவரை ஒரே மயக்கத்தில் முடியுங்கள். மூளைக்காய்ச்சலில் மீண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டுக்கு அனுப்பும் முன் கேட்கும் திறனைச் சோதியுங்கள். முழு டைகாம் கோப்பைப் பெற்றோரிடம் கொடுங்கள், அறுவை நடக்கும் இடத்துக்கும் அனுப்புங்கள். கருவி வாங்கும் ஒப்பந்தத்தில் ஒரே நீளக் கம்பியோடு நிற்காமல், கோணல் காதுகளுக்கான வகைகளையும் சேருங்கள். ‘தகுதியில்லை’ என்று எழுதும் அதே தாளின் பின்பக்கத்தில், அடுத்து எந்தப் பள்ளி, எந்தச் சைகை மொழிப் பயிற்சி, யாரைப் பார்க்க வேண்டும் என்று அச்சடியுங்கள்.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. புதிய கட்டடம் தேவையில்லை. திறப்புவிழா நடத்த முடியாது என்பது மட்டும்தான் குறை.

இதைப் படிப்பவர்களில் அப்படியொரு குழந்தையின் சித்தப்பாவோ அத்தையோ இருக்கலாம். வீட்டில் கொஞ்சம் படித்தவர், கொஞ்சம் இங்கிலீஷ் பேசுகிறவர் என்று உங்களைத்தான் கூட அனுப்புவார்கள். ஸ்கேன் கவுண்டரில் ஃபிலிமோடு திரும்பாதீர்கள், “டைகாம் டிஸ்க் வேணும்” என்று கேட்டு வாங்குங்கள். மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: நரம்பு தெரியுதா? சுருள் முழுசா இருக்கா? எந்தக் கம்பி வைக்கப் போறீங்க, ஏன்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். படத்தைத் திரையில் போட்டுக் காட்டி விளக்குவார். கோபப்பட்டால், இன்னொரு மருத்துவரைப் பாருங்கள், ஆனால் நாளைக் கடத்தாதீர்கள்.